கப்பலோடு போனவர், கரைக்கு வந்தவர்: ஒரு பயணியின் வாழ்க்கையை ஆதாரத்தோடு எழுதுவது எப்படி?

கேள்வி இது: டைட்டானிக்கில் போன மூன்றாம் வகுப்புப் பயணி ஒருவரின் பெயரும் வயதும் மட்டும் கையில் இருக்கின்றன. அவருடைய வாழ்க்கைக் கதையைத் தேடி எழுதி வெளியிட வேண்டும். எங்கே தொடங்குவது, எதை நம்புவது?

கையில் இருக்கிற அந்தப் பெயரையும் வயதையும்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். பயணிகள் பட்டியல் என்பது கப்பலில் ஏறியவர்களை எண்ணிப் பார்த்து எழுதியதல்ல. சவுத்தாம்ப்டன், செர்போர்க், குயின்ஸ்டவுன் ஆகிய மூன்று துறைமுகங்களில் ஏறுவதற்கு விற்ற டிக்கெட்டை வைத்துக் கப்பல் கம்பெனி குமாஸ்தாக்கள் எழுதிய கணக்கு அது. ஏஜென்ட் தன் காதில் விழுந்தபடி எழுதிய பெயரை அவர்கள் இன்னொரு தடவை படியெடுத்தார்கள். கடைசி நேரத்தில் வராமல் போனவரின் பெயர் அதில் இருக்கும். வேறு கப்பலிலிருந்து மாறி வந்தவரின் விவரம் அரைகுறையாக இருக்கும். 1912 தொடக்கத்தில் பிரிட்டனில் நிலக்கரிச் சுரங்க வேலைநிறுத்தம் நடந்ததால் அப்படி மாறி வந்தவர்கள் கொஞ்சநஞ்சமல்ல. மத்திய இந்தியாவில் ஜாஞ்ச்கீரில் மிஷன் வேலை பார்த்த ஆனி ஃபங்க், ஹேவர்ஃபோர்டு என்ற கப்பலுக்குப் பதிவு செய்திருந்து, வேலைநிறுத்தத்தால் டைட்டானிக்குக்கு மாறி உயிரிழந்தார். இறந்தவர்களின் மொத்த எண்ணிக்கையே அமெரிக்க செனட் விசாரணையில் 1,517, பிரிட்டிஷ் விசாரணையில் 1,490. மொத்தத்திலேயே 27 பேர் இடிக்கும்போது ஒருவருடைய வயதில் நாலைந்து வருடம் இடிப்பதில் ஆச்சரியமில்லை.

டேட்டா சயின்ஸ் பழகியவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது திறந்து பார்த்திருக்கும் 891 வரிசை கொண்ட டைட்டானிக் அட்டவணையை ஆதாரமாக எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. நிரல் எழுதிப் பழக அது போதும், வாழ்க்கை வரலாற்றுக்கு ஆகாது. அதில் வயது 28.5, 40.5 என்று அரையில் முடிந்தால் அது மதிப்பீடு, பதிவான வயதல்ல. கட்டணக் கட்டத்தில் இருப்பது ஒரு டிக்கெட்டுக்கான மொத்தத் தொகை, ஒரு ஆளுக்கானதல்ல. 1601 என்ற டிக்கெட் எண்ணைப் பாருங்கள். அதில் வரும் ஒவ்வொருவர் பெயருக்கும் நேரே 56.4958 பவுண்டு என்று இருக்கும். மூன்றாம் வகுப்பில் ஒருவர் அவ்வளவு கொடுத்தாரா என்று வியந்து எழுதியவர்களும் இருக்கிறார்கள். அது எட்டுப் பேருக்குச் சேர்த்து 56 பவுண்டு 9 ஷில்லிங் 11 பென்ஸ். தலைக்கு ஏழு பவுண்டு சொச்சம். பவுண்டுக்கு 20 ஷில்லிங், ஷில்லிங்குக்கு 12 பென்ஸ் என்ற கணக்கை மறந்தால் தசமத்தை அப்படியே எழுதித் தவறு செய்வீர்கள்.

அந்த எட்டுப் பேரும் சீனர்கள், கப்பல் தொழிலாளர்கள். ஆறு பேர் பிழைத்தார்கள். அமெரிக்காவில் அப்போது சீனர் விலக்குச் சட்டம் அமலில் இருந்ததால் ஊருக்குள் விடாமல் மறுநாளே கியூபா போகும் சரக்குக் கப்பலில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். எந்த விசாரணையும் அவர்களைக் கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்கவில்லை. ஆனால் அவர்கள் படகில் ஒளிந்து தப்பினார்கள் என்று பத்திரிகைகள் அந்த வாரமே எழுதிவிட்டன. பட்டியலில் ஃபாங் லாங் என்று இருக்கிறவர், மிதந்த மரத்துண்டில் கிடந்து, ஐந்தாம் அதிகாரி லோவின் 14-ஆம் எண் படகால் மீட்கப்பட்டவர். அவரே பிற்காலத்தில் ஃபோங் விங் சன் என்ற பெயரில் அமெரிக்காவில் வாழ்ந்தார். தன் மகனிடம்கூட டைட்டானிக் என்று வாய் திறந்ததில்லை. பட்டியலில் உள்ள பெயரைத் தேடுபெட்டியில் தட்டி இப்படிப்பட்டவரைக் கண்டுபிடிக்கவே முடியாது.

பெயர்ச் சிக்கல் தமிழர்களுக்குச் சட்டென்று புரியும். நம் ஊர் முருகேசன், அப்பா பெயர் சுப்பையா என்றால், அமெரிக்க விசாவில் மிஸ்டர் சுப்பையா ஆகிவிடுவார். லெபனான் கிராமங்களிலிருந்து வந்தவர்களுக்கு 1912-இல் நடந்ததும் அதேதான். தன் பெயர், அப்பா பெயர், சில சமயம் தாத்தா பெயர் என்று சொன்னதில் ஏதோ ஒன்று குடும்பப் பெயராக ஏறிவிட்டது. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் இருவர் வேறு வேறு குடும்பப் பெயரில் இருப்பார்கள். பிறந்த நாடு சிரியா அல்லது துருக்கி என்றிருக்கும், ஏனென்றால் லெபனான் அன்று உதுமானியப் பேரரசின் பகுதி. சுவீடன்காரர்களுக்குத் தந்தை பெயரோடு சன் சேரும். பின்லாந்துக்காரருக்குச் சுவீடிய வடிவில் ஒன்று, ஃபின்னிய வடிவில் ஒன்று என்று இரண்டு பெயர் இருக்கும். ஆகவே முதல் நாள் வேலை, ஒரு தாளில் அந்தப் பெயர் எப்படியெல்லாம் எழுதப்பட்டிருக்கலாம் என்று பத்துப் பன்னிரண்டு வடிவம் எழுதிக்கொள்வது. இரண்டாவது வேலை, அதே டிக்கெட் எண்ணிலும் பக்கத்து எண்களிலும் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பது. ஒரே ஊர்க்காரர்கள் ஒரே ஏஜென்டிடம்தான் டிக்கெட் எடுப்பார்கள். அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில் அடர்கூல் என்ற ஒரே தேவாலயப் பங்கிலிருந்து 14 பேர் கிளம்பி 11 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவரைப் பற்றித் தேடினால் மற்ற 13 பேரும் உங்களுக்கு வழிகாட்டிகள்.

வேண்டுமென்றே மாற்றிய பெயர் தனிக்கதை. இரண்டாம் வகுப்பில் 230080 என்ற டிக்கெட்டில் 26 பவுண்டு கொடுத்து, ஹாஃப்மன் என்ற பெயரில் இரண்டு சிறு பையன்களுடன் ஒருவர் ஏறினார். கடலில் எடுக்கப்பட்ட அவருடைய உடலுக்கு எண் 15. பதிவேட்டில் இருப்பது இது: மதிப்பிட்ட வயது 36, கறுப்பு முடி, கறுப்பு மீசை, பச்சை உள்துணி தைத்த சாம்பல் நிற ஓவர்கோட், பழுப்பு சூட். பையில் தங்கக் கடிகாரமும் சங்கிலியும், ஆறு பவுண்டு இருந்த வெள்ளிப் பர்ஸ், நோட்டு மாற்றியதற்குத் தாமஸ் குக் கம்பெனி கொடுத்த ரசீது, உறையில் புகைக்குழாய், குண்டு நிரப்பிய ரிவால்வர், சாவிகள், லண்டன் சேரிங் கிராஸ் ஹோட்டல் பில். ஹாஃப்மன் என்ற பெயரைப் பார்த்து யூதர் என்று நினைத்து, கனடாவின் ஹாலிஃபாக்ஸ் நகரில் யூதர்களின் இடுகாட்டில் புதைத்தார்கள். அவர் உண்மையில் மிஷெல் நவ்ராதில். பிரான்சின் நீஸ் நகரத் தையல்காரர், கத்தோலிக்கர், வயது 32. மனைவியைப் பிரிந்தபின், தாயிடமிருந்த பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்தவர். பையன்கள் கடைசிப் படகுகளில் ஒன்றில் பிழைத்தார்கள். பத்திரிகையில் வந்த அவர்களின் படத்தைப் பார்த்துத்தான் தாய் அடையாளம் கண்டு நியூயார்க் வந்து அழைத்துப் போனார். ஆய்வாளர் கண்ணோடு இந்தப் பட்டியலைப் பாருங்கள். பெயர் பொய், மதம் பொய், வயது நான்கு வருடம் தப்பு. ஆனால் ஹோட்டல் பில்லும் நோட்டு மாற்றிய ரசீதும் பொய்யில்லை, அவர் வந்த பாதையை அவை சொல்லிவிடுகின்றன. மனிதர்களும் அதிகாரிகளும் சொல்வதைவிடப் பையில் கிடக்கும் சீட்டுக்கு மதிப்பு அதிகம்.

இனி வேலை முறை. ஒரு ஆளுக்கு ஒரு ஃபோல்டர். அதில் ஒரு எக்செல் தாள், ஐந்து பத்திகள் போதும்: சொல்லப்படும் செய்தி, அதைச் சொல்லும் ஆவணம், ஆவணத்தின் தேதி, சொன்னவருக்கு அது எப்படித் தெரியும், உங்கள் முடிவு. இந்த நான்காவது பத்தியைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள். இறப்புச் சான்றிதழில் உள்ள பிறந்த தேதியைச் சொன்னவர் மருமகனாக இருக்கலாம், அவருக்கு அது செவிவழிச் செய்திதான். ஞானஸ்நானப் பதிவேட்டில் பெற்றோர் சொன்னது, அதுவும் பிறந்த சில நாளில் சொன்னது. இரண்டும் மோதினால் எதை எடுப்பது என்று இந்தப் பத்தியே சொல்லிவிடும்.

ஆவணங்களில் முதலில் பார்க்க வேண்டியது, பிழைத்தவர் என்றால், அவர்களை மீட்ட கார்பேத்தியா கப்பல் 1912 ஏப்ரல் 18 இரவு நியூயார்க் வந்தபோது குடியேற்ற அதிகாரிகளிடம் கொடுத்த பட்டியல். அதில் ஊரில் உள்ள நெருங்கிய உறவினரின் பெயரும் முகவரியும், யாரிடம் போகிறார் என்பதும் இருக்கும். அந்த ஒரு வரி கிடைத்தால் பாதிக் கிணறு தாண்டினமாதிரி. புறப்பாட்டுப் பட்டியலும் ஊழியர் ஒப்பந்தமும் லண்டன் கியூவில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஊழியர்கள் விஷயத்தில் நிலைமை பயணிகளைவிட எவ்வளவோ மேல். வயது, பிறந்த ஊர், வீட்டு முகவரி, முந்தைய கப்பல், மாதச் சம்பளம் எல்லாம் ஒரே வரியில் இருக்கும். கொதிகலனுக்குக் கரி போடுபவருக்கு 6 பவுண்டு, கரியை அள்ளிச் சமன் செய்யும் டிரிம்மருக்கு 5 பவுண்டு 10 ஷில்லிங். வாத்தியக்காரர்கள் எட்டுப் பேரையும் ஊழியர் பட்டியலில் தேடி ஏமாந்தவர்கள் உண்டு. அவர்கள் ஒரு ஏஜென்சி வழியாக வந்தவர்கள், இரண்டாம் வகுப்புப் பயணிகளாக ஒரே டிக்கெட்டில் பதிவானவர்கள். அதனாலேயே நஷ்டஈடு விஷயத்தில் கம்பெனி கைவிரித்தது. வயலின்காரர் ஜாக் ஹ்யூமின் தந்தைக்கு, இறந்த மகன் பாக்கி வைத்த 5 ஷில்லிங் 4 பென்ஸைக் கட்டச் சொல்லி அந்த ஏஜென்சி கடிதமே எழுதியது.

இறந்தவர் என்றால் அடுத்து ஹாலிஃபாக்ஸ். அங்கிருந்து உடல்களைத் தேடப் போன மக்கே பென்னட் என்ற கேபிள் கப்பல் 306 உடல்களை எடுத்தது. 116 உடல்களைக் கடலிலேயே அடக்கம் செய்தது. பதப்படுத்தும் பொருள் போதாமல் போனபோது யாரைக் கரைக்குக் கொண்டுவருவது என்ற தேர்வில் மூன்றாம் வகுப்பினரும் ஊழியர்களும்தான் பின்னுக்குத் தள்ளப்பட்டார்கள். ஆகவே உங்கள் ஆளுக்குக் கல்லறை இல்லை என்பதால் உடல் கிடைக்கவில்லை என்று முடிவு கட்டாதீர்கள், விவரக்குறிப்பு மட்டும் இருக்கலாம். நோவா ஸ்கோஷியாவின் இறப்புப் பதிவாளர் ஜான் ஹென்றி பார்ன்ஸ்டெட் ஏற்படுத்திய முறைப்படி உடலுக்கு ஒரு எண், அதன் உடைமைகள் இருக்கும் துணிப்பைக்கும் அதே எண். இந்தக் குறிப்புகள் நோவா ஸ்கோஷியா ஆவணக் காப்பகத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மதிப்பிட்ட வயதை நம்ப வேண்டாம், தண்ணீரில் கிடந்த உடலைப் பார்த்துச் சொன்ன வயது அது. உடை, பச்சை குத்தியது, மோதிரத்தின் உள்ளே பொறித்த எழுத்து, யூனியன் கார்டு, இவற்றை நம்பலாம். ஃபேர்வியூ லான் இடுகாட்டில் ஜே. டாசன் என்று ஒரு கல் இருக்கிறது, எண் 227. 1997-இல் வந்த திரைப்படத்தின் நாயகன் பெயர் ஜாக் டாசன் என்பதால், அதற்குப் பிறகு அந்தக் கல் மேல் பூவும் சினிமா டிக்கெட்டும் குவிந்தன. அடியில் இருப்பவர் ஜோசஃப் டாசன், டிரிம்மர். அவரை அடையாளம் காட்டியது சட்டைப்பையில் இருந்த மாலுமிகள் சங்க அட்டை.

அடையாளம் எப்படியெல்லாம் தவறும் என்பதற்கு நான்காம் எண் உடலைவிட நல்ல பாடம் இல்லை. சுமார் இரண்டு வயது என்று குறித்த ஓர் ஆண் குழந்தை. மென்மயிர்க் காலர் வைத்த சாம்பல் நிறக் கோட்டு, பழுப்புக் காலணி, வேறு அடையாளம் எதுவும் இல்லை. மக்கே பென்னட் மாலுமிகளே பணம் போட்டு 'அறியப்படாத குழந்தை' என்று கல் நட்டார்கள். பல காலம் அது சுவீடன் குழந்தை கோஸ்தா பால்சன் என்று நம்பப்பட்டது. 2001-இல் கல்லறையைத் தோண்டியபோது கிடைத்தது ஒரு சிறு எலும்புத் துண்டும் மூன்று பற்களும்தான். தாய்வழியாக வரும் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வைச் சோதித்தது பால்சனை நீக்கியது. பற்களின் வளர்ச்சியும் சேர்த்துப் பார்த்து, 2002-இல் பின்லாந்தின் 13 மாதக் குழந்தை ஏய்னோ பானுலா என்று அறிவித்தார்கள். அதே சமயம் ஒரு ஜோடிக் காலணி அட்லாண்டிக் கடல்சார் அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தது. 1912-இல் உடல்களுக்குக் காவல் இருந்த ஹாலிஃபாக்ஸ் போலீஸ் சார்ஜென்ட் கிளாரன்ஸ் நார்த்ஓவர், நினைவுப்பொருள் வேட்டைக்காரர்கள் கையில் சிக்காமலிருக்கத் துணிகளை எரிக்கச் சொன்னபோது, இந்தக் காலணியை மட்டும் எரிக்க மனம் வராமல் எடுத்து வைத்திருந்தார். அவருடைய வாரிசுகள் அதைக் கொடுத்தார்கள். காலணி 13 மாதக் குழந்தைக்குப் பெரிது. மறுபடி சோதித்தார்கள். டி.என்.ஏ.வின் முதலில் பார்த்த பகுதியில் பானுலா குடும்பமும் ஆங்கிலேய குட்வின் குடும்பமும் ஒன்றுபோல் இருந்தன. இன்னொரு பகுதியைப் பார்த்தபோதுதான் வித்தியாசம் தெரிந்தது. 2007-இல் அது 19 மாதக் குழந்தை சிட்னி குட்வின் என்று திருத்தினார்கள். பெற்றோரும் ஆறு பிள்ளைகளுமாக எட்டுப் பேர் கொண்ட அந்தக் குடும்பத்தில் யாரும் பிழைக்கவில்லை, மற்ற ஏழு பேரின் உடல்களும் அடையாளம் காணப்படவில்லை. ஆய்வகத்து முடிவைக் கேள்வி கேட்க வைத்தது ஒரு காலணியின் அளவு. டி.என்.ஏ. என்ற சொல்லைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்துவிடாதீர்கள், எந்தப் பகுதி, எத்தனை பேரோடு ஒப்பிட்டது என்று கேளுங்கள்.

சாட்சியங்கள். இரண்டு விசாரணைகளின் முழுப் பதிவும் இணையத்தில் கிடைக்கிறது. பிரிட்டிஷ் விசாரணையில் மூன்றாம் வகுப்புப் பயணி ஒருவரைக்கூடக் கூப்பிடவில்லை. அமெரிக்க விசாரணையில் மூன்றே மூன்று பேர்: டேனியல் பக்லி, ஓலவுஸ் ஆபெல்சேத், பெர்க் பிக்கார்ட். ஆகவே மூன்றாம் வகுப்பு ஆள் என்றால் அவர் வாய்மொழி அங்கே இருக்காது, அவரைப் பற்றி இன்னொருவர் சொன்னது இருக்கலாம். சாட்சிகள் எதில் தவறுவார்கள், எதில் தவறமாட்டார்கள் என்பதற்குப் பிரிட்டிஷ் விசாரணையிலேயே அளவுகோல் இருக்கிறது. ஒவ்வொரு படகிலும் இத்தனை பேர் என்று சாட்சிகள் சொன்னதைக் கூட்டினால் 854 வருகிறது. மீட்கப்பட்டவர்கள் 712 பேர்தான். எண்ணிக்கை, நேரம், படகு எண் இந்த மூன்றிலும் மனித நினைவு மோசம். அதே சாட்சிகள் பலர் கப்பல் இரண்டாக உடைந்ததைக் கண்ணால் பார்த்தோம் என்றார்கள். விசாரணை அதை ஏற்கவில்லை. 1985-இல் சிதைவு கண்டுபிடிக்கப்பட்டபோது அவர்கள் சொன்னதே சரியாக இருந்தது. ஆக, எத்தனை என்று சொன்னால் சந்தேகப்படுங்கள், என்ன பார்த்தேன் என்று சொன்னால் காது கொடுங்கள்.

படகு எண்ணை எப்படி முடிவு செய்வது? உங்கள் ஆள் சொல்லும் எண்ணை ஒதுக்கிவிட்டு, தன்னோடு யார் இருந்ததாகச் சொல்கிறார் என்று பாருங்கள். துடுப்புப் போட்ட பெண், அழுத குழந்தை, பச்சை விளக்கு, படகு இறங்கும்போது மேலே இன்னொரு படகு வந்து இடிக்கப் பார்த்தது, இப்படி ஒரு தனித்த நிகழ்வு கிடைத்தால் வேறு இருவரின் சாட்சியத்தோடு ஒட்டிப் பாருங்கள். பொருந்தாவிட்டால் 'படகு உறுதியாகவில்லை' என்று எழுதுங்கள். அது குறையல்ல.

பத்திரிகைகளில் ஊர்ப் பத்திரிகையே உயர்வு. நியூயார்க் பத்திரிகைகள் முதல் வாரத்தில் கப்பல் துறையில் கிடைத்த வதந்தியையெல்லாம் பேட்டி ஆக்கின. ஆங்கிலம் தெரியாத பயணி நீண்ட ஆங்கிலப் பேச்சு பேசியதாக வந்தால் அது நிருபரின் பேச்சு. ஆனால் பிழைத்தவர் வீட்டுக்கு எழுதிய கடிதத்தை உள்ளூர் வாரப் பத்திரிகை மே மாதத்தில் அச்சிட்டிருந்தால் அது தங்கம். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் பழைய பத்திரிகைத் தொகுப்பு இலவசம், பிரிட்டிஷ் தொகுப்புக்குக் கட்டணம் உண்டு. ஊரின் பெயரையும் 1912 ஏப்ரல் முதல் ஜூன் வரையான தேதி எல்லையையும் போட்டுத் தேடுங்கள். ஆளின் பெயரைப் போட்டுத் தேடினால் எழுத்துப்பிழையால் தவறிவிடும்.

பணத் தாள்கள் யாரும் அதிகம் தொடாத இடம். நியூயார்க் நீதிமன்றத்தில் கம்பெனிக்கு எதிரான உரிமைக் கோரிக்கைகள் ஒரு கோடியே அறுபது லட்சம் டாலருக்கு மேல். 1916-இல் தீர்ந்தது 6,64,000 டாலருக்கு. முதல் வகுப்பு சார்லட் கார்டேசா 14 டிரங்குப் பெட்டிகளில் இருந்த துணிமணிக்கும் நகைக்கும் 1,77,352 டாலர் கேட்டார். மூன்றாம் வகுப்பு யூஜின் டேலி தன் பைப் வாத்தியத்துக்கு 50 டாலர் கேட்டார். வாழ்க்கை வரலாறு எழுதுபவருக்கு இரண்டாவதுதான் உபயோகம்: அந்த மனிதர் ஊரை விட்டுக் கிளம்பும்போது எதைத் தூக்கிக்கொண்டு வந்தார் என்று தெரிகிறது. நிவாரண நிதிக் கணக்குகளில் விதவைக்கு வாரம் எவ்வளவு, பிள்ளைக்கு என்ன தொழில் கற்றுக்கொடுத்தார்கள் என்பதெல்லாம் வரும். அமெரிக்க செஞ்சிலுவைச் சங்கம் 1913-இல் வெளியிட்ட அறிக்கையில் பெயர் இல்லாமல் வழக்கு எண்ணாகத்தான் குடும்பங்கள் வரும். வயது, பிள்ளைகள், நாடு இவற்றை வைத்துப் பொருத்திவிடலாம். பொருந்துகிறது என்பதற்காக அதில் உள்ள நோய், குடி, கர்ப்பம் எல்லாவற்றையும் பெயரோடு சேர்த்து வெளியிட வேண்டுமா என்பது வேறு கேள்வி. கதையின் போக்கை மாற்றாத செய்தியென்றால் விட்டுவிடுவதே சரி என்பது என் கட்சி.

விபத்துக்கு முன்னும் பின்னும் உள்ள வாழ்க்கைதான் வாழ்க்கை வரலாறு. பனிப்பாறை மோதிய இரவு 11.40 முதல் கப்பல் மூழ்கிய விடிகாலை 2.20 வரை நடந்ததையே எழுதி நிறுத்திவிடுவதுதான் இந்தத் துறையின் பொதுவான நோய். 1901, 1911 அயர்லாந்து மக்கள்தொகைக் கணக்கு இலவசமாகக் கிடைக்கிறது. வீட்டில் எத்தனை பேர், யாருக்கு எழுதப் படிக்கத் தெரியும், கூரை என்ன வகை என்பது வரை அதில் இருக்கும். சுவீடனில் பங்குக் குருவின் குடும்பப் பதிவேடுகளில் ஊரை விட்டுப் போன தேதியே இருக்கும். பிழைத்து அமெரிக்காவில் தங்கியவருக்குக் குடியுரிமை மனு, 1917-18 ராணுவப் பதிவு அட்டை, 1950 வரை வெளியான மக்கள்தொகைக் கணக்கு. இங்கே அடிக்கடி நடக்கும் விபத்து, ஒரே பெயர் கொண்ட இரண்டு பேரை ஒருவராக ஒட்டிவிடுவது. வயது, சொந்த ஊர், ஓர் உறவினர் பெயர் ஆகிய மூன்றும் தனித்தனி ஆவணங்களில் பொருந்தும்வரை ஒட்டாதீர்கள்.

நமக்கு அருகில் உள்ள உதாரணம் ரூத் பெக்கர். அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த குண்டூரில் 1899-இல் பிறந்தவர், அமெரிக்க லூத்தரன் மிஷனரி ஒருவரின் மகள். தம்பிக்கு உடல்நிலை மோசமானதால் தாய் நெல்லி மூன்று பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு கிளம்ப, தந்தை இந்தியாவிலேயே தங்கினார். தாயும் சின்னவர்கள் இருவரும் 11-ஆம் படகில், இடமில்லாமல் 12 வயது ரூத் மட்டும் 13-ஆம் படகில். பின்னாளில் ஆசிரியையான அவர் தன் பிள்ளைகளிடம்கூட நெடுங்காலம் இதைப் பேசவில்லை. இவரைப் போன்றவரை ஆராய்கிறவர் நியூயார்க்கிலிருந்து தொடங்கக் கூடாது. மிஷன் சங்கத்தின் ஆண்டறிக்கை, குண்டூர் நிலையத்துக் கடிதப் போக்குவரத்து, விடுப்பு அனுமதி, பயணச்செலவுக் கணக்கு இவையே தொடக்கம்.

குடும்பத்தினரை அணுகுவது கடைசியில். வெறுங்கையோடு போகாதீர்கள். அவர்கள் பார்த்திராத ஓர் ஆவணத்தின் நகலை முதல் கடிதத்திலேயே இணைத்து அனுப்புங்கள், பதில் வரும். கப்பலைப் பற்றிக் கேட்காமல் மனிதரைப் பற்றிக் கேளுங்கள்: என்ன சமைத்தார், தண்ணீரைக் கண்டால் பயந்தாரா, ஏப்ரல் 15 அன்று வீட்டில் என்ன நடக்கும், ஊர்க் கடிதங்கள் எந்த மொழியில் வந்தன. பேட்டியை இரண்டு கருவியில் பதியுங்கள். புகைப்படத்தை 600 டி.பி.ஐ.யில், பின்பக்கத்தையும் சேர்த்து ஸ்கேன் செய்யுங்கள். பின்பக்கத்தில் ஸ்டுடியோ முத்திரையும் பென்சில் எழுத்தும் இருக்கும். அசலை வாங்கிக்கொண்டு வரவே கூடாது. 'இது தாத்தா' என்று சொன்னவர் தாத்தாவைப் பார்த்தவரா என்று குறித்துக்கொள்ளுங்கள், படம் மாறிப்போவது சர்வசாதாரணம். கிளம்பும்போது கடைசி நிமிடத்தில் டிக்கெட்டை விற்றுவிட்டுத் தப்பினார் என்ற கதை ஆயிரம் குடும்பத்தில் உண்டு. பிழைத்ததாக உரிமை கோரியவர்களும் உண்டு. இரண்டு வயதில் இறந்த லொரைன் ஆலிசன் நானே என்று 1940-இல் ஒரு பெண் கிளம்பினார். பல காலம் கழித்து இரு குடும்பத்து வாரிசுகளின் டி.என்.ஏ. அதைப் பொய்யாக்கியது. குடும்பக் கதை ஆவணத்தோடு மோதினால் முகத்துக்கு நேரே மறுக்காதீர்கள். 'குடும்பத்தார் இப்படிச் சொல்கிறார்கள், பட்டியலில் இப்படி இருக்கிறது' என்று இரண்டையும் எழுதுங்கள்.

எழுதும்போது உறுதியின் அளவைச் சொல்லிலேயே காட்டுங்கள். ஆவணம் இருந்தால் 'பதிவாகியுள்ளது'. ஒருவர் சொன்னதென்றால் 'இன்னார் இந்த ஆண்டு சொன்னார்'. உங்கள் ஊகமென்றால் 'இருக்கலாம்'. அவர் என்ன நினைத்தார், கடைசியில் யாரை நினைத்துக்கொண்டார் என்றெல்லாம் எழுத உங்களுக்கு ஆதாரமே கிடையாது. ஒருவருக்கு 800 முதல் 1,500 சொல் போதும், அதில் விபத்து இரவுக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். பக்கத்தின் அடியில் கடைசியாகத் திருத்திய தேதியும் என்ன திருத்தினீர்கள் என்பதும் இருக்கட்டும். பானுலா என்று 2002-இல் எழுதியவர்கள் பலர் இன்னும் திருத்தவில்லை, இன்றும் புதியவர்கள் அதைப் பார்த்துப் படியெடுக்கிறார்கள்.

பதிப்புரிமையில் ஒரு பொறி. கடிதம் எழுதப்பட்ட தாள் பேரனுடையதாக இருக்கலாம். அதில் உள்ள எழுத்தின் உரிமை எழுதியவரின் வாரிசுகள் அனைவருக்கும் போகும். இந்தியச் சட்டத்தில் பொதுவாக எழுதியவர் இறந்து 60 ஆண்டு, பிரிட்டனில் 70. பிரிட்டனில் 1969-க்கு முன் இறந்தவரின் வெளிவராத கடிதங்கள் பலவற்றுக்கு 2039 முடிய உரிமை ஓடுகிறது. ஆகவே 1912 கடிதம்தானே என்று முழுசாகப் போட்டுவிடாதீர்கள். எழுத்தில் அனுமதி வாங்குங்கள். எந்தப் படம், எந்தக் கடிதம், இணையத்திலா அச்சிலா, மொழிபெயர்க்கலாமா என்று தனித்தனியாக ஒரு தாளில் வாங்கினால் பின்னால் தகராறு இல்லை.

இதே முறையை 1942 நவம்பர் 23 அன்று இந்தியப் பெருங்கடலில் ஜப்பானிய நீர்மூழ்கி மூழ்கடித்த திலாவா கப்பலுக்குப் போட்டுப் பார்ப்பவர்கள் வரிசையை மாற்ற வேண்டும். பம்பாயிலிருந்து கிழக்கு, தெற்கு ஆப்பிரிக்கத் துறைமுகங்களுக்குப் போன அந்தப் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக் கப்பலில் 958 பேர், இறந்தவர் 280. போர்க்காலம் என்பதால் அன்றைய பத்திரிகையில் தேடிப் பெரிய பயன் இல்லை. இந்திய ஊழியர்கள் பெரும்பாலும் ஒற்றைப் பெயரில், அப்பா பெயரும் கிராமமும் சேர்த்துப் பார்த்தால்தான் பிரித்தறியும்படி இருப்பார்கள். பிரிட்டிஷ் போர்க்கப்பல் எச்.எம்.எஸ். பர்மிங்ஹாம் மீட்டு நவம்பர் 27-இல் பம்பாயில் இறக்கிவிட்டவர்களில் ஐந்து வயதுக் குழந்தையாக இருந்தவர் இன்று இருந்தால் தொண்ணூறை நெருங்குகிறார். டைட்டானிக்கில் கடைசியாகச் செய்கிற வேலையை அங்கே முதலில் செய்யுங்கள். இரண்டு ரெக்கார்டர், ஒரு ஸ்கேனர், அனுமதித் தாள். காப்பகத்துக்கு அப்புறம் போய்க்கொள்ளலாம்.